முதுகு அடியைச் சொன்ன நாள்

என் வீட்டுக்காரருக்கு கும்மிடிப்பூண்டி கம்பி கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மனசு நோயில் சோறும் பேச்சும் நின்றுபோனது. நோய் மாத்திரைக்குக் கேட்கவில்லை. மயக்கம் கொடுத்து தலையில் லேசாக கரண்ட் வைக்கும் ஷாக் வைத்தியம் செய்யணும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"பழைய அடி, எலும்பு முறிவு ஏதாவது உண்டா?" டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல மேடம்," என்றார் கொழுந்தன். அவருக்கும் அதே கம்பெனிதான். அங்கே வாசல் கேட்டில் விசாரித்தால் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவார்கள். அடி என்று தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

"லாரியிலேர்ந்து விழுந்தாரு மேடம். முதுகு இன்னும் வலிக்குது," என்றேன்.

"இன்னா அண்ணி நீ! அண்ணன் வேலைக்கு உலை வெச்சிடுவ போலகீதே."

"உங்கண்ணன் எழுந்து நின்னாத்தானேப்பா வேலை?"

எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் விரிசல் தெரிந்தது. ஷாக்கில் உடம்பு முறுக்கினால் எலும்பு உடையலாம், அதனால்தான் தசை தளர மருந்து போடுகிறோம், இவருக்கு இன்னும் கவனமாகப் போடணும் என்றார் டாக்டரம்மா. அப்படியே செய்தார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு ஷாக் முடிந்து வந்ததும் அவராகவே வாய் திறந்தார். "தாடை வலிக்குது. டீ வாங்கியா."

ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் பழைய வேலை போனது. நாளைக்கு பொன்னேரியில் வேலை கேட்கப் போகிறோம். முதுகில் அடி இருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுவோம்.