ஜெர்கினுக்கு வைத்த பரீட்சை

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் சிலர் சொல்லித் திரிவதுபோல் எனக்குப் புத்தி பிசகவில்லை. இன்று காலை பஸ் நிறுத்தத்துக்கு வெளியே கொட்டும் மழையில் நான் நின்றது ஒரு பரிசோதனைக்காக.

பட்டாளத்துக்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு ஜெர்கினை என் மகன் ரவி சென்னையிலிருந்து அனுப்பியிருக்கிறான், நிபந்தனையோடு.

"அப்பாவும் இல்ல, தனியா மழையில அலையுறீங்க. இதுக்குள்ள தண்ணி போச்சுன்னா சென்னைக்கு வந்துடணும்மா."

கையால் தடவிப் பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு தாளில் பேனா மையால் எழுதி, ஜெர்கினுக்குள் தோளருகே வைத்துக்கொண்டேன். ஒரு சொட்டு இறங்கினாலும் மை கரைந்துவிடும்.

இருபது நிமிடம் விறைப்பாக நின்றேன். வடகவுஞ்சியிலிருந்து பூண்டு மூட்டையோடு வந்த பாண்டியம்மாள் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மழையில என்னம்மா சோலி?"

"இந்த ஜெர்கின் நனையுதான்னு பாக்கறேன்."

"அப்ப கொடை எதுக்கும்மா?"

அண்ணாந்து பார்த்தேன். அறுபது வருடப் பழக்கம். கை தானாகக் குடையை விரித்திருக்கிறது!

சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. பாண்டியம்மாள் குடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்ப நில்லுங்க. நான் பாத்துக்கிறேன்."

முதலிலிருந்து முழுசாக அரை மணி நேரம் நின்றேன்.

புடவை முழங்கால்வரை தொப்பல். ஆனால் தாளில் ஓர் எழுத்துகூடக் கரையவில்லை: "நான் கொடைக்கானலை விட்டு வரமாட்டேன்."

ரவி, அந்தத் தாளை இதோடு அனுப்புகிறேன்; சம்மதம் என்று அதன் கீழே எழுது. போனில் சொல்வது செல்லாது.