கணுக்காலில் ஒரு பிடி

இது கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. எலிசபெத் டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வருகைப் பதிவேட்டில்கூட ஒரு பொய் எழுதாதவள் அவள். அமாவாசை, நாய் ஊளை, சுடுகாடு எதுவும் இதில் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது.

1974, ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை. செகந்திராபாத், மாரெட்பள்ளியில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம், இன்று அங்கே துணிக்கடை நடக்கிறது. எலிசபெத்தின் கணவன் கிதியோனுக்கு முப்பத்தெட்டு வயது, ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஃபிட்டர். இரும்பைத் தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது எலிசபெத்தான். அவள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரி, ஓடி ஓடிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

"பயம் நக்கோ எலிசு, பயப்படாத. அடுத்த மாசம் கம்பெனி பஸ்ஸ ஓடிப் பிடிக்கிறேன் பாரு" என்று கிண்டலடித்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

ஆளை முழுக்கத் தூங்க வைக்கவில்லை. முதுகுத் தண்டில் ஒரே ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆள் விழித்தே இருப்பான். 9.40க்கு ஊசி. 10.50க்கு மூலைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். தலையணை கிடையாது. மறுநாள் வரை தலையைத் தூக்கக் கூடாது, தூக்கினால் மண்டை பிளக்கும்.

"ஒரு மணிக்கெல்லாம் கால் வந்துடும்மா" என்றார் மயக்க மருந்து டாக்டர் சீதாராமன். "முதல்ல தொடை, அப்புறம் முழங்கால், கடைசியா பாதம். மேலேர்ந்து கீழே வரிசையா வரும்."

கிதியோன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். எலிசபெத் தலைமாட்டில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினாள்.

12.10.

"எலிசு, கால் வந்துருச்சு."

"அதுக்குள்ளயா?"

"ஹவ், ஆமா. நீ பிடிச்சிருக்கிறது தெரியுதே. வலது கணுக்கால். கைய எடு, ஜில்லுனு இருக்கு."

எலிசபெத்தின் ஒரு கையில் நோட்டு, மறு கையில் சிவப்புப் பேனா.

கால்மாட்டில் யாரும் இல்லை.

நர்ஸ் ஜூடித் ஊசியோடு வந்தாள். தொடையில் குத்தினாள், தெரியவில்லை. முழங்காலில் குத்தினாள், தெரியவில்லை. கணுக்காலிலேயே குத்தினாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

"ஊசி தெரியல சிஸ்டர். கைதான் தெரியுது. அஞ்சு விரலும் தெரியுது."

ஜூடித் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

மணி 1.00. தொடை வரவில்லை. 1.30க்கு சீதாராமன் வந்து தானே குத்திப் பார்த்தார். "கணுக்கால் மட்டும் முதல்ல வராதும்மா" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "வராது" என்றார். அவருக்கு வியர்த்திருந்தது.

எலிசபெத் ஜெபம் பண்ணினாள். ஏதோ ஒன்று தெரிகிறதே, மற்றதும் வந்துவிடும் என்று நம்பினாள். அது பேயின் கையாக இருந்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தாளாம், பைத்தியக்காரி.

3.15க்குப் போர்வையை விலக்கினாள்.

கணுக்காலின் ஒரு பக்கம் நான்கு பள்ளம். மறுபக்கம் ஒன்று. பிசைந்த மாவில் விரல் பதிந்த மாதிரி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

பள்ளங்கள் ஆழமாயின.

"அழுத்துது எலிசு..."

அவள் போர்வையை இழுத்து மூடினாள்.

கால் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து சீதாராமன் வீடு தேடி வந்து அழுதார். ஊசி மருந்துக் குப்பிகளைக் கிருமிநாசினியில் ஊறப் போடுவார்களாம். முன்பெல்லாம் அதில் நீலச் சாயம் கலப்பார்கள், குப்பியில் விரிசல் இருந்தால் மருந்து நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே யாரோ சாயத்தை நிறுத்தியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே கிருமிநாசினி மருந்தில் கலந்து, அவன் நரம்பை எரித்துவிட்டது.

"கால் போனதுக்குக் காரணம் அதும்மா. அந்தக் கை என்னன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

கை போகவில்லை. இரவும் பகலும் பிடித்தபடியே இருந்தது. கிதியோன் கிண்டல் பேசுவதை நிறுத்திவிட்டான். "அறுத்துப் போடச் சொல்லு எலிசு" என்பான், அதோடு சரி.

1976 ஜூலை. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க மங்கையர்க்கரசி என்றொரு விதவை வந்தாள். அவள் கணவன் குணசேகரன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். பேச்சுவாக்கில் அந்த நர்சிங் ஹோமின் பெயர் வந்தது. 1973-ல் அவனுக்கும் அங்கேதான் முதுகில் ஊசி. அதே மூலைக் கட்டில்.

"அவருக்கும் கால் செத்துப்போச்சு டீச்சர். ஆனா கணுக்கால யாரோ பிடிச்சிருக்காங்கன்னு ஒரு வருஷமா சொல்லிட்டே இருந்தார்."

எலிசபெத் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?"

"ஒருநாள் மத்தியானம் 'விட்டுட்டாங்க மங்கை'ன்னு சிரிச்சார். சாயங்காலமே போயிட்டார்."

"என்னைக்கு?"

"எழுபத்தி நாலு, ஆகஸ்ட் எட்டு. வியாழக்கிழமை."

எலிசபெத் இதைக் கணவனிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "கை இருக்கா?"

"இருக்கு, சனியன்" என்பான் எரிச்சலோடு.

சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கர்த்தருக்கு நன்றி சொல்வாள்.

1977, பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. மாலை 3.40. பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தாள்.

உள்ளே சிரிப்புச் சத்தம்.

இரண்டரை வருடத்துக்குப் பிறகு... கிதியோன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எலிசு! விட்டுருச்சு! இப்பதான்..."

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள்.

"பிடிச்சிருக்கேங்க... நான் பிடிச்சிருக்கேன்... விடமாட்டேன்..."

கூரையைப் பார்த்தபடி கிதியோன் கேட்டான்.

"எதைப் பிடிச்சிருக்க?"

6.20க்கு அவன் மூச்சு நின்றது. அதுவரை அவள் கையை எடுக்கவில்லை. அவள் பிடித்திருந்தது கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை.