சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

இன்று காலை மோகனூர் காவிரிக் கரையில் நல்ல கூட்டம். கயாக் படகில் துடுப்பு போட்டே கடல் வரைக்கும் போகும் போட்டி, எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டது.

என்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டு லாரி டிரைவர் முருகேசன் அண்ணன், தனியாகப் போகும் ஒரு பெண்ணின் மஞ்சள் படகையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இதுல பிரேக்கு எங்க இருக்குதுங்க?"

"பிரேக்கே கிடையாதுங்க" என்று அந்தப் பெண் சிரித்தார்.

அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது. கடைக்கு ஓடி ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். வந்த பிறகுதான் யோசித்தார்: சக்கரமே இல்லை, பழத்தை எங்கே வைப்பது?

கடைசியில் மணலில், படகின் மூக்குக்கு அடியில் வைத்தார். "ஏத்தி நசுக்கிட்டுப் போங்க சாமி."

விசில் ஊதினார்கள். அந்தப் பெண் படகைத் தள்ளினார்.

பழம் நசுங்கவில்லை. உருண்டு ஆற்றில் விழுந்து, எல்லாப் படகுகளுக்கும் முன்னால் மிதந்து போனது.

"நசுங்கலியே சாமி..." என்று அண்ணன் இன்னமும் கரையில்தான் நிற்கிறார். கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார்.

முசிறிப் பக்கத்து நண்பர்களே, மஞ்சள் படகில் ஒரு பெண் உங்கள் ஊரைத் தாண்டினால் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

பழம் முந்திக்கொண்டு வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.