கறை போன பிறகு ஸ்டிக்கர் எதற்கு

பனியன் கம்பெனியில் என் வேலை கறை எடுப்பது. செக்கிங் பெண்கள் பனியனில் எண்ணெய்க் கறையைக் கண்டால், அந்த இடத்தைக் காட்டி அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி என்னிடம் அனுப்புவார்கள். நான் மருந்தை அடித்துக் கறையைப் போக்கி, காயவைத்து, ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கடைசி வேலையை மறந்தால் போச்சு. அடுத்த டேபிளில் துணியைப் பார்க்கமாட்டார்கள். ஸ்டிக்கரைப் பார்த்தே ரிஜெக்ட் பெட்டியில் வீசிவிடுவார்கள். அவசரத்தில் நாங்கள் எல்லாருமே செய்கிற தப்புதான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வருடா வருடம் சபை நடத்தும் கன்வென்ஷன் கூட்டத்தில் நான் பழைய சாட்சியைச் சொல்லாமல் இறங்கிவிட்டதற்குச் சபையில் இன்னும் காரணம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதற்கு மேல் சொல்லப் போவதில்லை. பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் அப்பன் குடித்தவன். ஆண்டவர் என்னை அதிலிருந்து இழுத்துப் போட்டார். குடியை விட்ட புதிதில் நெஞ்சு கொள்ளாமல் நானாகவே எழுந்து, எப்படிக் கிடந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கினார் என்று சபைக்கு முன் சாட்சி சொன்னேன். அது நிஜம். பிறகு அது வழக்கமாகிவிட்டது. எந்தக் கூட்டமானாலும், "அந்த வாசப்படி சாட்சியச் சொல்லுங்க பிரதர்" என்று மைக்கை நீட்டுவார்கள். எந்த இடத்தில் குரலை இறக்கினால் ஜனங்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்றுகூட எனக்குப் பழகிவிட்டது.

இந்த வருடம் கன்வென்ஷனுக்கு முந்தின வாரம், உங்களில் மூத்தவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் வரலீங்ப்பா."

"ஏங் கண்ணு, பரீட்சையா?"

"இல்லீங்ப்பா. நீங்க வாசப்படில உழுந்து கெடந்ததச் சொல்றப்ப எல்லாரும் என்னையத் திரும்பிப் பாக்கறாங்க. அன்னைக்குக் கதவத் தொறந்தது நாந்தானுங்களே."

நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

மறுநாள் கம்பெனியில், செக்கிங்கில் இருக்கிற பெண் ஒரு பனியனைக் கொண்டுவந்து என் டேபிளில் போட்டாள்.

"ஏனுங்ணா, துணி பளிச்சுன்னு இருக்குது. ஸ்டிக்கர எடுக்காம உட்டுட்டீங்களே. நல்ல பீஸு ரிஜெக்ட்ல கெடந்துச்சு."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை.

மத்தியானம் சோற்றைத் தொடாமல் வேதத்தைத் திறந்தேன். உன் மீறுதல்களை நானே துடைத்துவிட்டேன், இனி அவற்றை நினைக்கமாட்டேன் என்று கர்த்தர் சொல்கிற இடம். எத்தனையோ கூட்டங்களில் அதை வாசித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே அவர் மறந்ததை மைக் வைத்து அவருக்கே ஞாபகப்படுத்தியிருக்கிறேன். பாவம் இனி உன்னை ஆளாது என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. என்னை ஆளாத ஒன்றுக்கு வருடா வருடம் நான் ஏன் மேடை போட்டுக் கொடுக்க வேண்டும்?

சாயங்காலம் பாஸ்டரிடம் போனேன்.

"இந்த வருசம் அந்தச் சாட்சி வேண்டாமுங்க அய்யா."

"என்ன பிரதர், பெரும வந்துருச்சா? அதக் கேட்டு நாலு குடிகாரன் திருந்துவானில்ல."

"அவனக் கூட்டியாங்க. ஊட்டுல வெச்சு, பக்கத்துல உக்காந்து ராத்திரி முழுக்கச் சொல்றனுங்க. என் புள்ளைய ஊரே திரும்பிப் பாக்கறதுக்குச் சொல்லமாட்டனுங்க."

அவர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் நம்பவில்லை. கூட்டத்தில் ஜனத்தைப் பார்த்ததும் மனம் மாறிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, கன்வென்ஷன் அன்று மைக்கில் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் போனேன்.

"ஆண்டவர் என்ன விடுதலையாக்கிட்டாருங்க. அவரு தொடச்சுட்டாரு. தொடச்சத நான் திரும்ப எடுத்துக் காட்டமாட்டனுங்க. அவ்வளவுதானுங்க சாட்சி."

சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டல் இல்லை, அல்லேலூயா இல்லை. பின்னால் ஒருவர், "விசுவாசத்துல பின்வாங்கிட்டாரு போல" என்றார். இன்னொருவர், "மறுக்கா குடிக்க ஆரம்பிச்சிருப்பான்" என்றார். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்கள். விழுந்தது. நான் நிற்காமல் நடந்தேன்.

பந்தலுக்கு வெளியே வண்டிக்குப் பக்கத்தில் மூத்தவள் நின்றிருந்தாள். வரமாட்டேன் என்றவள் எப்போது வந்தாளோ.

"முடிஞ்சுதுங்களாப்பா?"

"முடிஞ்சுது கண்ணு."

திங்கட்கிழமை, பக்கத்து டேபிள்காரன் விடிந்ததும் பிடித்துக்கொண்டான். "மாமா, சாட்சி நின்னு போச்சாமா. அப்ப இனி குவார்ட்டருங்களா?"

"ரெண்டும் இல்லடா. வேலயப் பாரு."

இன்னும் பேசுவார்கள். பள்ளிக்கூடத்திலும் உங்கள் காதுக்கு வரும். தலையைக் குனியாதீர்கள். கறை எங்கே என்று கேளுங்கள். ஸ்டிக்கரைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துணியைப் பார்த்துச் சொல்லட்டும்.