தீர்த்தம் பட்ட விளக்கு

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் திண்டுக்கல்லுக்கு வந்து ஷைனியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும். தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வகுப்பில் பிள்ளைகள் பேய் என்று வாயெடுத்தாலே அதட்டி உட்கார வைக்கிற ஆள். அவள் இன்றைக்கும் வீட்டில் லைட்டைப் போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சுவிட்சைத் தட்டுகிறாள். போன கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அவள் புருஷன் இனிகோவும் அமலனும் கூட்டாளிகள். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூப்பிட்டாலும் போய் லைட் போடுவார்கள். ஊரெல்லாம் எல்.இ.டி.க்கு மாறிய பிறகும் பழைய ஹாலஜன் ஃபோகஸ் லைட்டுகளை அவர்கள் கைவிடவில்லை. ஆயிரம் வாட்ஸ். உள்ளே சுண்டுவிரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய். அதை வெறும் கையால் தொட்டு மாட்டினால், விரல் பட்ட இடத்தில் சூடு சேர்ந்து என்றைக்காவது வெடிக்கும். எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அப்போதே வெடிக்கும். அதற்காகத்தான் முன்னால் தடித்த கண்ணாடி மூடி. கோயில் வேலைக்குப் போகிற லைட்காரர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தால் ஃபோகஸை அணைத்துவிட வேண்டும். அவர் தாண்டிப் போன பிறகுதான் போட வேண்டும்.

அந்தத் திருநாளுக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் திருவிழா. சப்பரம் புறப்படுகிற நேரம், ஏணியில் நின்றிருந்த இனிகோவின் முகத்துக்கு நேரே லைட் வெடித்தது. கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. உடம்பை அமலன்தான் கொண்டுவந்து சேர்த்தான்.

"குடிச்சிருந்தான் ஷைனி. நா சொல்லச் சொல்லக் கேக்காம மூடியக் கழட்டிட்டு வெறுங்கையால தொட்டுட்டான்."

ஷைனி குனிந்து பார்த்தாள். சட்டையில் பிராந்தி வாடை அடித்தது.

மகள் அனிஷாவின் ஞானஸ்நானத்தன்று, இனிமேல் அந்தக் கருமத்தைத் தொடமாட்டேன் என்று பீடத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவன் இனிகோ. அவளும் அதை நம்பிக் குடித்தனம் நடத்தினாள். இத்தனை வருஷமும் ஏமாற்றியிருக்கிறான் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. செத்ததைக்கூட மன்னித்தாள். இதை மன்னிக்க முடியவில்லை. அடக்கத்தில் அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு அமலன்தான் எல்லாமாக இருந்தான். அனிஷாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். வீடு ஒழுகினால் ஓடு மாற்றினான். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டான். கட்டிக்கொள்கிறாயா என்று. இவள் சம்மதம் என்று ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்துவிடுவார்கள். கல்லறைத் திருநாளில் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து முடிந்ததும் சொல்லிவிடுவது என்று ஷைனி முடிவு செய்திருந்தாள். ஏமாற்றியவனின் தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு.

நவம்பர் இரண்டு. மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் வெறித்துவிட்டது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் செவந்திப் பூவும் மெழுகுவத்தியுமாக இருந்தது. தோட்டத்துக்கு டியூப்லைட் போடும் வேலை அமலனுடையதுதான். ஜெனரேட்டரை ராமர் பார்த்துக்கொண்டார். இனிகோ காலத்திலிருந்தே அவர்களிடம் வேலை பார்க்கிறவர். இனிகோவின் கல்லறைக்கு மட்டும் அமலன் தனியாக ஒரு ஃபோகஸ் லைட் கொண்டுவந்து தரையில் வைத்தான்.

"மெழுகுவத்தியெல்லாம் காத்துல அமந்துபோகும். நம்ம இனிகோவுக்கு வெளிச்சம் கொறையலாமா?"

"மூடி எங்க?"

"கீறல் விட்டுப்போச்சு. செத்த நேரந்தான, என்ன ஆயிரப்போகுது?"

ஒரு ஆளைக் காவு வாங்கிய பிறகும் மூடியில்லாத விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை என்னவென்று சொல்ல! ஷைனிக்கும் அது சுருக்கென்று பட்டது. நல்ல நாளில் எதற்கு வாய்ச்சண்டை என்று விட்டுவிட்டாள்.

செவந்தியை உதிர்த்துக் கல்லறை மேல் பரப்பினாள். கை சட்டென்று பின்னால் வந்தது. சிமெண்டு சுட்டது. மத்தியானம் முழுக்க மழையில் நனைந்த சிமெண்டு, தோசைக்கல் மாதிரி சுட்டது. பக்கத்துக் கல்லறையைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

திரும்பிப் பார்க்கையில் அவள் பரப்பிய இதழ்கள் ஓரத்தில் சுருண்டுகொண்டிருந்தன.

அடுத்து அந்த வாடை. பூச்சி கருகுகிற வாடை. ராத்திரி வேலை முடிந்து வரும்போதெல்லாம் இனிகோவின் சட்டையில் அடிக்கிற அதே வாடை. ஃபோகஸ் லைட்டில் விழுந்து சாகிற பூச்சிகளின் வாடை அது. ஆனால் லைட் இன்னும் போடவே இல்லை.

மணி ஆறாகப் பத்து நிமிஷம். ராமர் ஜெனரேட்டரை ஓட்டினார். தடதடவென்று டியூப்லைட்டுகள் எரிந்தன. ஃபோகஸும் எரிந்தது. மழைக்குப் பிந்திய ஈசல் கூட்டம் கிளம்பி எல்லா வெளிச்சத்திலும் போய் மொய்த்தது.

ஃபோகஸ் லைட்டில் மட்டும் ஒரு ஈசல்கூட இல்லை. கிட்டத்தில் வந்தவை அப்படியே திரும்பிப் போயின...

டிக்... டிக்... டிக்...

சூடான தகரம் ஆறும்போது வருகிற சத்தம். எரிந்துகொண்டிருக்கிற லைட்டிலிருந்து வந்தது.

ஃபாதர் வரிசை வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். பாட்டுச் சத்தம் நெருங்கியது. தூரத்தில் ராமர் கையைத் தூக்கிக் காட்டினார். வழக்கப்படி ஜெனரேட்டரை நிறுத்தினார்.

தடதடப்பு அடங்கியது.

டியூப்லைட்டுகள் எல்லாம் அணைந்தன.

ஃபோகஸ் மட்டும் எரிந்தது.

ஷைனி கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்தினாள். அந்த வெளிச்சத்தில் கல்லறைச் சிலுவையின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நிழல்...

ஏணிப்படியில் நிற்கிற மாதிரி, ஒரு காலை மேலே வைத்த நிழல்.

அங்கே ஆள் இல்லை.

அமலன் தலையை நிமிர்த்தினான். யாரோ கூப்பிட்ட மாதிரி முகம் மலர்ந்தது. நேரே லைட்டை நோக்கி நடந்தான். அணைக்கப் போகிறான் என்று நினைத்தாள்.

அவன் அணைக்கவில்லை.

குனிந்தான்...

இன்னும் குனிந்தான்...

ஃபாதரின் கை உயர்ந்தது. தீர்த்தம் தெறித்தது.

டப்!

பிறகு இருட்டு. இருட்டுக்குள் அமலனின் அலறல்.

கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கண் போய்விட்டது. முகம் முழுக்கக் கட்டு. ஷைனி பக்கத்தில் போய் நின்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நீதான கூப்ட்ட? என்னைய அங்க கூப்ட்டுட்டு நீ மட்டும் தள்ளி நின்னுக்கிட்டியே ஷைனி... ஒனக்கு நா என்ன பாவம் செஞ்சேன்?"

"நா வாயே தொறக்கலையே!"

அவன் நம்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இவனையா கட்டிக்கொள்ளப் போகிறோம், இப்படிச் சந்தேகப்படுகிறானே என்று அவளுக்கு அழுகை முட்டியது. வெளியே வந்தால் வராந்தாவில் ராமர்.

"தாயி, நா ஜெனரேட்டர அமத்திட்டேன். அது எரியிறதுக்கு வழியே இல்ல. இது அவன்தான் தாயி. இனிகோதான்."

"என்ன ஒளறுறீங்க?"

"அவன் அன்னைக்குக் குடிக்கல. மூடியக் கழட்டுனது அமலன். வெளிச்சம் பத்தலன்னு கழட்டுனான். தீர்த்தம் வருது, அமத்துடான்னு ஏணியில இருந்து இனிகோ கத்துறான். கீழ அமலன் போதையில சுவிட்சு போர்டுகிட்ட நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தான். தீர்த்தம் பட்டு வெடிச்சிருச்சு. இனிகோ விழுந்த பெறகு... கேஸு தம்மேல வந்துருமின்னு பயந்துபோய், இடுப்புல வச்சிருந்த பாட்டில எடுத்து இனிகோ வாயில ஊத்தினான். சட்டையில ஊத்தினான். நா இந்தக் கண்ணால பாத்தேன்."

ஷைனி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒன்றர வருஷமா இத வாய்க்குள்ள வச்சுக்கிட்டா எங்க வீட்ல காப்பி குடிச்சீங்க?"

ஷைனி அங்கேயே தரையில் உட்கார்ந்து, அடக்கத்தன்று அழாத அழுகையை எல்லாம் அழுதாள். சத்தியத்தைக் காப்பாற்றியவனைத் துரோகி என்று திட்டிவிட்டு, துரோகம் செய்தவன் கையில் மகளைப் பிடித்துக்கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாளே! அவளை ஏமாற்றாத ஒரே ஆள் மண்ணுக்குள் கிடந்தான்.

ஓலை வாசிக்கப்படவில்லை. அமலனோடு அவள் அதற்குப் பிறகு பேசவும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட, ராமர் ஜெனரேட்டரைச் சரியாக நிறுத்தவில்லை, அவ்வளவுதான் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் பள்ளியில் ஆனந்தமேரி டீச்சர் அவளைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டாள். அன்றைக்குப் பக்கத்து வரிசையில் தன் அம்மாவின் கல்லறையை மந்திரிப்பதை ஆனந்தமேரி செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறாள். அதில் ஷைனியும் விழுந்திருக்கிறாள்.

"எனக்குப் பயமா இருக்கு ஷைனி. நீயே பாரு."

வீடியோவில் ஷைனி தெளிவாகத் தெரிந்தாள். கைக்குட்டை வாயை அழுத்தியிருந்தது. கண் நிலைகுத்தி இருந்தது. ஜெனரேட்டர் நின்ற அமைதியில் ஒரு குரல் கேட்டது. கொஞ்சலாக, சிரிப்போடு. பெற்ற தாயே கேட்டாலும் ஷைனி என்றுதான் சொல்வாள். அப்படி அச்சு அசலாக அவள் குரல்.

"மாப்ளே... இங்கிட்டு வா. செத்த கிட்ட வந்து பாரு."

ஷைனி அமலனை ஒரு நாளும் மாப்ளே என்று கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட்டவன் ஒருத்தன்தான். அவன் அந்தச் சிமெண்டுக்குக் கீழே இருந்தான்.