கிளட்ச் பிடிக்க முடியாத கை

மின்கோவுக்கு வாய் ஓயாது. பல்கேரிய மலையூரான ஸ்மோலியனிலிருந்து கீழே இறங்கும் சாலையில், பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காபிக் கடையில் சனிக்கிழமை காலைகளில் கூடுவோம். எங்கள் மோட்டார் சைக்கிள்கள் வெளியே நிற்கும்; உள்ளே பேச்சும் அவற்றைப் பற்றித்தான். எந்த டயர் மழையில் வழுக்கும், எந்த மழைக்கோட்டில் தொடையிடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும், எந்த சீட் நெடுந்தூரத்தில் பின்புறத்தை மரத்துப்போகச் செய்யும். எல்லாவற்றுக்கும் மின்கோவிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். தொழிலில் அவன் தகர வேலைக்காரன். ஊரில் பாதிக் கூரைகளின் மழைநீர்க் குழாய்கள் அவன் கை வளைத்தவை.

அந்த வசந்தத்தில் ஒருநாள் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "என் கிளட்ச் இறுகிப்போச்சு. பிடிக்கவே முடியல."

குஸ்மான் அண்ணன் விடவில்லை. எங்களில் மூத்தவர், எலக்ட்ரீஷியன். "கிளட்ச் இறுகலடா, நீதான் இளகிட்டே. உன் பொண்டாட்டி நெவேனாகிட்ட கேட்டா சொல்லுவா."

"அண்ணே, உங்க வண்டியத் தள்ளிக்கிட்டேதானே போறீங்க. உங்களுக்குக் கிளட்ச் எதுக்கு?"

பேச்சில் தோற்காதவர்கள் இருவரும். ஆனால் வேலை என்று வந்தால் குஸ்மான் அண்ணன்தான் முதலில் சட்டைக்கையை மடிப்பார். அன்றே கேபிளைக் கழற்றி எண்ணெய் விட்டார். அடுத்த வாரம் புதுக் கேபிளே போட்டோம். பிறகு லீவரை மாற்றினோம். அப்போதும் பிடிக்க முடியவில்லை என்று மின்கோ தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் நானே அந்தப் பெரிய வண்டியில் ஏறி மேல் வளைவு வரை போய்வந்தேன். கிளட்ச் என் இரண்டு விரலுக்கே அடங்கியது. வந்து சொன்னேன். மின்கோ சிரிக்கவில்லை. "உனக்கென்ன, தபால் ஆபீஸ்ல முத்திரை குத்துற கை. எனக்கு நாள் முழுக்கத் தகரம் வெட்டிக் கை ஓய்ஞ்சு போயிருக்கு" என்றான்.

கூரை வேலையில் கத்தரிக்கோல் நழுவுவதை அவன் அதற்கு முன்பே பார்த்திருக்கிறான். நெவேனாவிடம்கூடச் சொல்லவில்லை; எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஜூனில் வழக்கம்போல் கிரீஸ் பக்கம் கடலுக்குக் கிளம்பினோம். எல்லையில் அப்போது சோதனைச் சாவடி இருந்தது. ஏற்றத்தில் கார்கள் நின்று நின்று நகர்ந்தன. வெயில். மின்கோ எனக்கு முன்னால் இருந்தான். நகரும்போதெல்லாம் வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து கிளட்ச் பிடித்த இடது கைக்கு உதவி செய்துகொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திடீரென்று அவன் வண்டி ஒரு துள்ளு துள்ளி முன்னால் நின்ற காரின் பம்பரில் மோதிச் சரிந்தது. அவன் கால் சைலன்சருக்கு அடியில்.

குஸ்மான் அண்ணன் ஓடிவரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "கிரீஸ்காரனுக்கு முத்தம் குடுக்க இவ்வளவு அவசரமா?" வண்டியைத் தூக்கினோம். காலில் தோல் வெந்திருந்தது. அவன் கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். பாட்டில் அவன் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது.

குஸ்மான் அண்ணன் அவன் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையே இல்லை. உள்ளே வாங்கிப் பள்ளமாகக் கிடந்தது. தோலுக்கு அடியில் என்னவோ துடித்தது.

"இது என்னடா?"

"தெரியல அண்ணே" என்றான் மின்கோ. அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை.

அன்று கடல் பார்க்காமலே திரும்பினோம். என் வண்டியைச் சாவடியில் விட்டுவிட்டு, மின்கோவைக் குஸ்மான் அண்ணன் பின்னால் ஏற்றி, அவன் வண்டியை நான் ஓட்டிவந்தேன்.

முதலில் ப்ளோவ்திவ் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், பிறகு தலைநகர் சோபியாவில். நரம்பு வியாதி. கையில் தொடங்கிக் காலுக்குப் போகும், நாக்குக்குப் போகும், கடைசியில் மூச்சுக்கு. மருந்து கிடையாது. நெவேனா எங்களுக்கு இதைச் சமையலறையில் நின்றுகொண்டே சொன்னாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள். அழாமல் சொல்லக் கற்றவள். "அவருக்கு வண்டி வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டாரு."

குஸ்மான் அண்ணன் அதைச் சொல்லவில்லை. மாறாக, மின்கோவிடம் போய், "கிளட்சுக்கு மோட்டார் வெச்சிடலாம். பட்டனை அமுக்கினாப் போதும், கேபிளை அது இழுத்துக்கும்" என்றார். மின்கோவின் முகம் மலர்ந்ததைப் பார்த்த நெவேனா அங்கிருந்து போய்விட்டாள்.

குளிர்காலம் முழுக்கக் குஸ்மான் அண்ணன் தன் கொட்டகையில் அந்த வேலையிலேயே கிடந்தார். பழைய காரின் கண்ணாடி ஏற்றும் மோட்டார் ஒன்று, புகைந்து போனது. இன்னொன்று மெதுவாக இழுத்தது. கியர் மாற்றுவதற்குள் இஞ்சின் அணைந்தது. நான் போய் விளக்குப் பிடிப்பேன், திட்டு வாங்குவேன். பனி உருகும் சமயத்தில் அது வேலை செய்தது. சின்னதாக ஒரு "டிக்", கிளட்ச் பிரிந்தது. அவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

மறுநாளே வண்டியை மின்கோ வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனோம். அவன் தடியூன்றி வந்தான். நாங்கள் இருபுறமும் தாங்க, ஏறி உட்கார்ந்தான். இடது கட்டைவிரலால் பட்டனை அமுக்கினான். டிக். இன்னொரு முறை. சிரித்தான். அப்புறம் வலது கையைப் பிரேக் மேல் வைத்தான். விரல்கள் அதன்மேல் கிடந்தன. மூடவில்லை.

மின்கோதான் பேசினான், நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது: "நல்லாச் செஞ்சிருக்கீங்க அண்ணே. இனிமே பிரேக்குக்கு ஒண்ணு செய்ங்க. அது முடியறதுக்குள்ள காலு போயிடும், காலுக்கு ஒண்ணு செய்ங்க. உங்களுக்கு வேலைக்குக் குறையே இல்ல."

குஸ்மான் அண்ணன் முற்றத்தின் மூலைக்குப் போய், விறகுக் குவியலைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

வண்டியை விற்கச் சொன்னது மின்கோதான். "இந்த ஊர்க்காரனுக்கு வேணாம். தூரத்துல யாருக்காவது குடு. அந்தச் சத்தம் ஜன்னல் வழியா வரக் கூடாது." கோடைமுடிவில் நாட்டின் மறுகோடியில் உள்ள ரூஸேயிலிருந்து ஒருவன் வந்தான். மின்கோ சக்கர நாற்காலியில் வந்து, வாங்கவந்தவனுக்கு வண்டியின் குறையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். அவன் பேச்சு அப்போது எங்களுக்கே பிடிபடாது. நெவேனா குனிந்து கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"குளிர்ல ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் எண்ணெய் கசியுமாம். பயப்படாதீங்கன்றாரு. பின்டயர் நடுவுல சீக்கிரம் தேயுதாம், காத்து கொஞ்சம் அதிகமா வெக்கணுமாம்..." நிறுத்தி அவனைப் பார்த்தாள். "இல்லீங்க, அது நீங்க தப்பாச் சொல்றீங்க. அதிகமா வெச்சதாலதான் நடுவுல தேயுதுன்னு போன வருஷம் நீங்களே சொன்னீங்க."

மின்கோ அவளை வாய் பிளந்து பார்த்தான். இத்தனை வருஷம் அந்த வண்டியைச் சகிக்காதவள் எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறாள். வந்தவன் தர்மசங்கடமாக, "ஏன் விக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வண்டி வளைவுகளில் இறங்கிப்போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. மின்கோ கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிறகு ஏதோ சொன்னான். "சீக்கிரம் கியர் மாத்திட்டானாம்" என்றாள் நெவேனா.

அதற்குப் பின் சனிக்கிழமைகளில் மேசை நடுவே என் கைபேசியைத் திறந்துவைப்போம், மறுமுனையில் அவன் படுக்கை. முதலில் உறுமல் வரும், சிரிப்பு வரும். நவம்பர் குளிர் வந்தபோது மூச்சுக் கருவியின் சத்தம் மட்டும்தான். குஸ்மான் அண்ணன் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசுவார். "சங்கிலிக்குச் சூரியகாந்தி எண்ணெயே போதும்டா!" என்று கத்துவார். காத்திருப்பார். அந்தக் கருவி இழுக்கும், விடும்.

பிப்ரவரியில் இறந்தான். கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டும் மரண அறிவிப்புத் தாளுக்கு ஹெல்மெட்டோடு ஒரு படம் கொடுத்தோம். நெவேனா திருப்பித் தந்துவிட்டாள். "முகம் தெரியணும்" என்றாள். பனியில் வண்டிகள் எடுக்க முடியாது; நடந்தேதான் மேலே கல்லறைக்குப் போனோம். குழியைச் சுற்றி மண் இறுகிக் கிடந்தது. பெட்டி அவ்வளவு லேசாக இருந்தது.

கோடை வந்தது. "மேல கணவாய் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாமா?" என்று குஸ்மான் அண்ணனைக் கேட்டேன்.

"முதுகு வலிக்குதுடா வெலின்" என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னார். அப்புறம் நான் கேட்கவில்லை.