மழை பெய்த டீவியில் இரண்டு கன்றுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாட்டுக்குள் கை விட்டேன். முழங்கை வரை. இன்னும் கரண்டியால்தான் சோறு சாப்பிடுகிறேன்.

சிரிக்காதீர்கள். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். மாட்டைக் கண்டால் பாதையின் மறுபக்கம் போகிறவன். எல்லாம் மகளால் வந்தது.

மகள் வெளியூரில் தங்கி மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள். ஏழு மாதத்துக்கு முன், தன் விரிவுரையாளரோடு, சினை மாடுகளைப் பார்க்க ஒரு ஸ்கேன் மெஷினைக் கொண்டுவந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஏது கரண்ட்? தோட்டத் துரையின் பங்களாவில்தான் இருந்தது. இருபது வருஷமாக நான் பின்பக்கக் குசினி வாசலிலேயே போய் நிற்கும் பங்களா... பக்கத்து வீட்டு மாரியாயியின் பசு முன்வாசலால் ஏறி விறாந்தையில் நின்றது! துரை அதற்கு நாற்காலி போடாததுதான் பாக்கி.

திரை எனக்கு மழை நாளில் எங்கள் பேட்டரி டீவி தெரிகிற லட்சணத்தில்தான் இருந்தது. மகள் இரண்டு கறுப்பு வட்டங்களைக் காட்டினாள்.

“ரெட்டைப்பா. ஒண்ணு போட்டதும் எல்லாரும் போயிருவாங்க. நீங்க போயிராதீங்க.”

ஞாயிறு காலை பசு ஒரு கன்று போட்டது. மாரியாயி சீம்பால் கறக்கச் செம்பை எடுத்தார்.

“இன்னொண்ணு இருக்கு மாரியாயி.”

“எங்கங்க மாஸ்டர், டீவியிலயா?”

தொழுவமே சிரித்தது. அரை மணி நேரம் நின்றேன். மாடு நிம்மதியாகப் புல் தின்றது. பிள்ளை படித்தது இவ்வளவுதானா? நாளைக்கு எவன் இவளை நம்பி மாட்டைக் காட்டுவான்? எவன் கட்டிக்கொள்வான்? அரை மணி நேரத்தில் ஒரு தகப்பன் எவ்வளவு தூரம் யோசிப்பான் என்று உங்களுக்குத் தெரியாதா... மெல்ல நழுவினேன்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரை வந்ததும் கால் நின்றுவிட்டது. ‘நீங்க போயிராதீங்க.’

திரும்பி ஓடினேன். மாடு படுத்து முனகிக்கொண்டிருந்தது.

“நஞ்சுக்கொடி இன்னும் விழலைங்க, அதான்” என்றார் மாரியாயி.

“கையை விட்டுப் பாரும்மா!”

“உங்க மகதானே சொன்னிச்சு? நீங்களே விட்டுப் பாருங்க!”

கை மணிக்கூட்டைக் கழற்றினேன். சோப்புப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன் — அங்கே பார்க்க என்ன இருக்கிறது? உள்ளே சின்னதாக, கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பிடித்தேன். கன்று தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டது!

நான் போட்ட சத்தத்தில் மூத்த கன்றே மிரண்டது. மாரியாயி என்னைத் தள்ளிவிட்டுக் கையை விட்டார். இழுத்தார். வெளியே வந்தது அசையவில்லை. மூக்கைத் துடைத்தார், நெஞ்சை வைக்கோலால் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில்... தும்மியது.

மாரியாயி தன் முகத்தைத் துடைத்தார். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

“டீவியில தெரிஞ்சது இதாங்களா மாஸ்டர்?”

வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். படித்துவிட்டு வந்து ஒன்று சொன்னால் மட்டும், புல் தின்கிற மாட்டைத்தான் நம்புகிறோம்.

அன்றே மகளுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். பீலிக்கரை வரை போனதை மட்டும் எழுதவில்லை. உங்களிடம் சொல்லலாம் — அவள் மாட்டுப் புத்தகம் தவிர வேறெதுவும் படிப்பதில்லை!